யெஹெப் காட்டுக்கு வேலி

யெஹெப் வளர்ச்சி வாரியத்தின் தலைவர் தோழர் லீபான் தன் வாழ்நாளில் முதன்முதலாக ஒரு யெஹெப் செடியைச் சந்தித்தபோது, அதன் மறைவில் குந்தி உட்கார்ந்து சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தார். தலைநகர் மொகதிஷுவிலிருந்து ஜீப்பில் குலுங்கி வந்த அவசரம். காரியம் முடிந்து எழுந்தபோது, எதிரே ஆட்டு மந்தையோடு ஒரு நெட்டை மனிதன் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தபடி நின்றிருந்தான்.

"தம்பி, இந்தப் பக்கம் யெஹெப் செடி எங்க இருக்கு? காலையிலேர்ந்து தேடுறோம்."

"அதுக்குத்தான் சித்தப்பா இப்பத் தண்ணி விட்டீங்க," என்றான் ரோப்லே.

அவன் கேலி செய்யவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான். ரோப்லேயின் சுபாவமே அதுதான். யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்வான், யார் எதைச் சொன்னாலும் நம்புவான். அவன் மனைவி எப்லா நேர் எதிர். சாயங்காலம் அவன் இதைச் சொன்னபோது, பால் கறந்துகொண்டிருந்தவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் தலைவருக்கு 'நீர்பாய்ச்சி' என்று பெயர் வைத்தாள். அந்த நாட்டில் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் நிலைப்பதில்லை. அந்த வாரத்துக்குள் எல்லாக் கிணற்றடியிலும் அவர் நீர்பாய்ச்சிதான்.

அந்தச் செம்மணல் வெளியில் யாரும் நடாமல், யாரும் நீர் விடாமல் நின்ற புதர் அது. நெற்றை உடைத்தால் கொழுத்த பருப்பு. வறுத்தாலும் இனிக்கும், அவித்தாலும் இனிக்கும், அவித்த தண்ணீர்கூட இனிக்கும். ஒட்டகங்களுக்குப் பால் வற்றும் மாதங்களில் ஜனங்களைப் பிழைக்க வைத்தது அதுதான். ஆனால் ஆடுகளுக்கும் அதன் இலை பிடிக்கும். வருடத்துக்கு வருடம் புதர்கள் குறைந்துகொண்டே வந்தன. ரோப்லேயின் சின்ன வயதில் குடிலைச் சுற்றியே பறித்தார்கள். இப்போது எப்லா கழுதையை ஓட்டிக்கொண்டு நெடுந்தூரம் போகவேண்டியிருந்தது. அதனால் வாரியம் வந்தபோது ரோப்லேக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

வாரியத்தில் ஸமதர் என்று ஒரு வேளாண் அதிகாரி இருந்தார். வெளிநாட்டில் படித்தவர், அதிகம் பேசாதவர். "ஆட்டு வாயிலேர்ந்து கொஞ்ச வருஷம் காப்பாத்திட்டாப் போதும், ரோப்லே. அப்புறம் இதை வயல்ல பயிரா வைக்கலாம். மழை பொய்ச்சாலும் இது பொய்க்காது. ஒட்டகம் இல்லாதவன்கூடப் பிழைச்சுக்குவான்" என்றார். ரோப்லே அதை நம்பினான். நம்பியதில் தப்பில்லை. ஸமதர் சொன்னது நிஜம்.

நல்ல அடர்த்தியான ஒரு புதர்க்காட்டைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். திறப்பு விழாவில் தோழர் லீபான் மைக்கைப் பிடித்தார்.

"தோழர்களே! இதுநாள்வரை யெஹெப் யாருடைய வழிகாட்டுதலும் இன்றித் தன் இஷ்டத்துக்கு வளர்ந்து வந்திருக்கிறது. எந்தத் திட்டத்தின் கீழ் பூக்கிறோம், எந்த இலக்கை நோக்கிக் காய்க்கிறோம் என்ற தெளிவே அதற்கு இருந்ததில்லை. அந்த இருண்ட காலம் இன்றோடு முடிந்தது!"

கைதட்டினார்கள். பிறகு விருந்து. ஆட்டுத் தொடையைக் கடித்த தலைவர், கறிக்குள் எலும்பு செம்மஞ்சளாக இருப்பதைக் கண்டு துப்பினார். விஷம் என்றார் ஒருவர், எதிர்ப்புரட்சி என்றார் இன்னொருவர். சமையல்காரனின் கழுத்தைப் பிடித்துவிட்டார்கள். ரோப்லே ஓடிவந்தான்.

"ஒண்ணுமில்ல சித்தப்பா, யெஹெப் இலை தின்ன ஆட்டுக்கு எலும்பு இப்படித்தான் சிவக்கும். நாங்க இதத் தின்னுதான் வளந்தோம்."

தலைவர் எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் மைக்குக்குப் போனார். "தோழர்களே! இந்த மண்ணின் ஆடுகள் எலும்புவரை சிவந்துவிட்டன. நாம் எப்போது சிவக்கப்போகிறோம்?"

முன்னதைவிட பலமாகக் கைதட்டினார்கள். சமையல்காரனும் தட்டினான்.

அன்றைக்கே ரோப்லே காவலனாக நியமிக்கப்பட்டான். காக்கிச் சட்டை, விசில், வேலிக்கதவின் சாவி. சம்பளமாக மாவு மூட்டை. குடிலைப் பிரித்து ஒட்டகத்தின் மேல் ஏற்றிக்கொண்டு வந்து வேலிக்குப் பக்கத்தில் போட்டார்கள்.

"விசில் எதுக்கு? ஆடு வந்தா ஊதுறதுக்கா, நீர்பாய்ச்சி வேட்டியத் தூக்குனா ஊதுறதுக்கா?" என்றாள் எப்லா.

"நீ சிரிப்ப. நம்ம ஸகல் பெரியவளாகும்போது இது பெரிய தோட்டமா இருக்கும், பாரு."

ஸகல் அவர்களுடைய மகள். நாலு வயது. அம்மாவின் வாயும் அப்பாவின் கால்களும் அவளுக்கு. அவித்த யெஹெப் தண்ணீரைக் குடித்துவிட்டு மூக்கில் ஒட்டியதையும் நக்கப் பார்ப்பாள்.

முதல் அறுவடை நன்றாக இருந்தது. விதைகளைத் தலைநகருக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. தலைநகருக்குள் நுழையும் எந்த விதையிலும் பூச்சி இருக்கக் கூடாது என்பது விதி. யெஹெப் பருப்பில் வண்டு விழும். ஆகவே நன்றாக வறுத்து அனுப்பும்படி அடுத்த உத்தரவு வந்தது. வறுத்து அனுப்பினார்கள். தலைநகரில் சோதித்து, சுத்தமான விதை என்று முத்திரை குத்தி, நடுவதற்காகத் திருப்பி அனுப்பினார்கள்.

கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் மண் நிரப்பி, வரிசை வரிசையாக அந்த விதைகளை ஊன்றினார்கள். டேங்கர் லாரி தண்ணீர் கொண்டுவந்தது. ஸமதரால் பொறுக்க முடியவில்லை. எல்லோர் முன்னாலும் வாயைத் திறந்துவிட்டார்.

"வறுத்த விதை முளைக்காது, தோழர்."

"வறுக்காத விதை வாரியத்துக்குள்ள வராது, தோழர்," என்றார் லீபான் பொறுமையாக. "முளைக்காத விதைய வெச்சு ஒரு வாரியம் நடத்திடலாம். விதிய மீறுன விதைய வெச்சு நடத்த முடியுமா?"

அடுத்த வாரம் ஸமதருக்குக் கடற்கரையில் மீன்துறைக்கு மாற்றல் வந்தது. ஜீப்பில் ஏறும் முன் ரோப்லேயைத் தனியே அழைத்தார். "இவங்க இன்னைக்கு இருப்பாங்க, நாளைக்குப் போயிடுவாங்க. செடி இருந்தாப் போதும், எப்பவாவது யாராவது ஒழுங்காச் செய்வாங்க. வேலிய மட்டும் விட்டுடாதே." ரோப்லே தன் மார்பில் கைவைத்து வாக்குக் கொடுத்தான்.

பைகளில் எதுவும் முளைக்கவில்லை. ஒரு குழு வந்து ஆராய்ந்தது. விதைகளிடம் ஊக்கம் போதவில்லை என்று கண்டுபிடித்தது. அதன்படி தினமும் காலையில் ஊழியர்கள் எல்லோரும் பைகளுக்கு எதிரே வரிசையாக நின்று, கைதட்டி, உழைப்பின் பாட்டைப் பாடினார்கள். ரோப்லேயும் பாடினான். அவனுக்குக் குரல் வராது, இருந்தாலும் மனதாரப் பாடினான். வேலிக்கு வெளியே பெண்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

"இதுங்க முளைக்கணும்னு நினைச்சாலும் இந்தப் பாட்டுக்குப் பயந்து இன்னும் உள்ள போயிடும்," என்றாள் எப்லா.

ஸகல் அந்தப் பாட்டை முழுதும் கற்றுக்கொண்டாள். ஆட்டுக்குட்டிகளை வரிசையாக நிறுத்தப் பார்த்துப் பாடுவாள். அவை கலைந்து ஓடினால், "ஊக்கம் பத்தல!" என்று அதட்டுவாள்.

பிறகு வெளிநாட்டிலிருந்து உதவி தருகிறவர்கள் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. மண்ணை நிரப்பி வைத்த பைகளைக் காட்டி உதவி கேட்க முடியாது. தலைவர் வேலிக்குள் கையைக் காட்டினார். "அங்கதான் இத்தனை நிக்குதே. தோண்டி எடுத்து வரிசையில நடுங்க."

ரோப்லேதான் தோண்டினான். யெஹெப்பின் வேர் நேரே கீழே போகும். ஆள் உயரம் தோண்டினாலும் இன்னும் போய்க்கொண்டே இருக்கும். முதல் குழிக்குள் நின்றபடி தலையைத் தூக்கிக் கேட்டான்.

"சித்தப்பா, இது முடியிற மாதிரி தெரியலியே. வெட்டினாச் செத்துப்போயிடாதா?"

"வர்றவங்க மண்ணுக்கு மேலதானே பார்ப்பாங்க?"

வெட்டினான். வெட்டிய வேரிலிருந்து கைகளில் சிவப்பு ஒட்டியது. வந்தவர்கள் வரிசைகளுக்கு நடுவே நடந்து படம் எடுத்தார்கள். தொப்பி போட்ட ஓர் அம்மாள், இந்தச் செடிகளுக்கு என்ன வயது என்று கேட்டாள். மூன்று மாதம் என்றார் லீபான். ரோப்லேயின் தகப்பனார் குழந்தையாக இருந்தபோதே நின்ற புதர்கள் அவை. அந்த அம்மாள் புரட்சியின் வேகத்தைக் கண்டு கண்கலங்கினாள். உதவி கிடைத்தது. அவர்கள் போன பத்துப் பதினைந்து நாளில் வரிசை முழுக்கக் காய்ந்து சரிந்தது. "காய்ந்தது செடிதான், திட்டமல்ல" என்று தலைவர் ஊழியர்களுக்குத் தைரியம் சொன்னார்.

ரோப்லே அன்று சாப்பிடவில்லை. எப்லா அவனைச் சீண்டவும் இல்லை.

வேலிக்குள் மிச்சமிருந்த புதர்களில் யாரோ காய் பறிக்கிறார்கள் என்று சந்தேகம் எழுந்தது. இலை பட்டால் கை சிவக்கும். ஆகவே கை சிவந்தவன் திருடன் என்று அறிவித்தார்கள். ரோப்லே பாதையில் நின்று போகிற வருகிறவர்களின் கைகளைப் பார்த்து, சிவந்தவர்களை ஒரு பக்கமாக நிறுத்தினான். மதியத்துக்குள் குடியிருப்பு முழுவதும் அந்தப் பக்கம் நின்றது. தொழுகை நடத்துகிறவர் நின்றார். பிரசவம் பார்க்கிறவள் நின்றாள். கடைசியில் எப்லா வந்து இரண்டு கைகளையும் அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பாரு. நல்லாப் பாரு. வெளிக்காட்டுல பறிச்சு உம் புள்ளைக்கு அவிச்ச கை. விசிலடி."

"அந்தப் பக்கம் போய் நில்லு எப்லா, கொஞ்ச நேரந்தான்," என்றான் ரோப்லே. அவனுடைய சொந்தக் கைகள்தான் எல்லோரையும்விடச் சிவந்திருந்தன. அவற்றைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

தலைவர் கூட்டத்தைப் பார்த்துத் தலையசைத்தார். "குற்றம் இவ்வளவு தூரம் பரவியிருக்கிறது. வாரியம் ஏன் அவசியம் என்பது இப்போது புரிகிறதா?"

அந்த வருடம் இரண்டு மழையும் பொய்த்தன.

முதலில் மாடுகள் போயின. பிறகு செம்மறிகள். ஒட்டகங்கள் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்த இடத்திலேயே கழுத்தை நீட்டிவிட்டன. வேலிக்கு வெளியே இருந்த யெஹெப் புதர்களைப் பசித்த ஆடுகள் கட்டைவரை கடித்துவிட்டன. வேலிக்குள் மட்டும், வழிதவறி வந்த ஒரு மேகம் சற்று நேரம் பெய்துவிட்டுப் போனதில், புதர்கள் காய்த்துத் தொங்கின. ஜனங்கள் வந்து வேலிக்கு வெளியே உட்கார்ந்தார்கள். யாரும் கம்பியைத் தொடவில்லை. வெறுமனே உட்கார்ந்து உள்ளே பார்த்தார்கள்.

வாரியத்தின் உத்தரவு தெளிவாக இருந்தது. அந்த விளைச்சல் முழுவதும் தலைநகரில் நடக்கும் மாநாட்டுக்குப் போகவேண்டும். மாநாட்டின் பொருள், பஞ்சத்தை வெல்லும் உணவு. மாவு மூட்டை வருவதும் நின்றுவிட்டது. லாரிகள் மாநாட்டு வேலையாக ஓடிக்கொண்டிருந்தன.

ஸகல் பாடுவதை நிறுத்தினாள். பிறகு நடப்பதை நிறுத்தினாள். ஒருநாள் காலையில் காய்ச்சலோடு, கண்ணைத் திறப்பதும் மூடுவதுமாகக் கிடந்தாள்.

"கதவத் தொற, ரோப்லே," என்றாள் எப்லா.

"தொறந்தா ஆடு உள்ள பூந்துடும் எப்லா. ஒரே நாள்ல எல்லாம் போயிடும். இத விட்டா வேற எங்கயும் இல்ல. ஸமதர் என்ன சொன்னார்னா..."

"ஸமதர் மீன் பிடிச்சுட்டிருக்கார். உம் பொண்ணால தலையத் தூக்க முடியல."

"கேட்டுட்டு வந்துடறேன். முறையாக் கேட்டாத் தருவாங்க. தலைவர் நல்ல மனுஷன்தான்."

"சாவி உன் சட்டைப்பையிலதான இருக்கு?"

"இருக்கு."

"அப்ப யாரப் போய்க் கேக்கப் போற?"

யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்கிறவனுக்கு அன்று வார்த்தை வரவில்லை. வாரிய அலுவலகம் இருந்த மாவட்ட நகரத்தை நோக்கி நடந்தான்.

லீபான் கெட்டவர் அல்ல. புழுதியோடு வந்தவனை உட்காரவைத்து, ஏலக்காய் போட்ட டீ வரவழைத்தார். மேசை நிறையக் கண்ணாடிக் கிண்ணங்களில், மாநாட்டு விருந்தாளிகளுக்காக யெஹெப் பருப்பு அழகாக அடுக்கியிருந்தது. ரோப்லே சொன்னதை முழுதும் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"நீ சொல்றது நியாயம். இது பஞ்சத்துக்கு உதவுற காய், நான் இல்லேங்கல. பஞ்சம் வந்தா எடுத்துக் குடுக்கத்தான் வேலியே போட்டிருக்கோம். ஆனா பஞ்சம் வந்ததா இன்னும் அறிவிக்கலியே, தம்பி. அறிவிக்காத பஞ்சத்துக்குக் காயக் குடுத்துட்டா, நாளைக்கு அறிவிச்ச பஞ்சத்துக்கு எதக் குடுப்பேன்?"

ரோப்லேக்கு அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அதுதான் கொடுமை.

"எம் பொண்ணுக்கு மட்டும் ஒரு கை, சித்தப்பா."

"உனக்காகக் கேக்கறேன்." உள்ளறைக்குப் போய்த் தலைநகருக்குக் கம்பியில்லாத் தந்தி அனுப்பச் சொன்னார். "பதில் வர்ற வரைக்கும் இரு. சாப்பிட்டுட்டு வராந்தாவுல படு."

சோறு வந்தது. ரோப்லே அதைத் தொடாமல் ஒரு துணியில் முடிந்துகொண்டான். மறுநாள் காலையில் பதில் வந்தது. குமாஸ்தா அதைச் சத்தமாகப் படித்தான். எந்தப் பஞ்சத்தைக் குறிப்பிடுகிறீர்கள் என்று விளக்கவும்.

ரோப்லே எழுந்தான். சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தான். நகர எல்லைவரை நடந்தான், அதற்கப்புறம் ஓடினான்.

வெயில் சாயத் தொடங்கியபோது வேலிக்கு வந்துசேர்ந்து கதவைத் திறந்தான். திறந்து அகலத் தள்ளிவிட்டான். உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு கணம் அசையவில்லை. அப்புறம் எழுந்தார்கள். அவர்களோடு மிச்சமிருந்த ஆடுகளும் நுழைந்தன. அவன் யாரையும் எதையும் தடுக்கவில்லை. இரண்டு கையாலும் காய்களைக் கிழித்துச் சட்டையில் கட்டிக்கொண்டு குடிலுக்கு ஓடினான்.

துணியில் முடிந்துவந்த சோறு வெயிலில் ஊசிப்போயிருந்தது. எப்லா அடுப்பு மூட்டினாள். தண்ணீர் சிவந்து இனிக்கும்வரை அவித்து, ஆறவைத்து, குழந்தையின் தலையை மடியில் தூக்கிக் கரண்டியால் ஊட்டினாள். ஸகல் முதல் வாயை விழுங்கினாள். இரண்டாவதையும் விழுங்கினாள். மூன்றாவது கடைவாய் வழியாக வழிந்தது. எப்லா அதைத் துடைத்துவிட்டு இன்னொரு கரண்டி கொடுத்தாள், அதையும் துடைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து ரோப்லே அவள் கையிலிருந்து கரண்டியை மெதுவாக வாங்கினான். மேற்கே இன்னும் வெளிச்சம் இருந்தது.

வேலிக்கு வெளியே, மணல் இளகிய இடமாகப் பார்த்து அடக்கம் செய்தார்கள். ரோப்லே தோண்டினான். அந்தக் குழிக்கு ஆழம் அதிகம் தேவைப்படவில்லை.

மூன்று நாளில் காட்டில் காயும் இல்லை, இலையும் இல்லை. ஆடுகள் பட்டையைக்கூட உரித்திருந்தன. ஜனங்களில் பலர் அந்தக் காய்களால் பிழைத்தார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை.

சிப்பாய்கள் வந்து பிடித்துப் போவார்கள் என்று ரோப்லே கதவருகிலேயே காத்திருந்தான். சீக்கிரம் வந்தால் தேவலை என்றும் நினைத்தான். ஜீப்புகள்தான் வந்தன, கொடிகளோடு. நடந்தது இதுதான். அந்த வழியாகப் போன வெளிநாட்டுப் படக்காரன் ஒருவன் ஜனங்கள் வேலிக்குள் காய் தின்பதைப் படமெடுத்திருந்தான். படம் உலகமெங்கும் போயிற்று. தலைநகரம் மகிழ்ந்துபோய்ப் பஞ்சத்தை அறிவித்துவிட்டது.

மேடை போட்டார்கள். காக்கிச் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள். லீபான் மைக்கைப் பிடித்தார்.

"தோழர்களே! வாரியத்தின் அவசரகால விநியோகத் திட்டம் மாபெரும் வெற்றி பெற்றிருக்கிறது. குறித்த நேரத்தில் கதவைத் திறந்த வீரர் இதோ நிற்கிறார். இந்த வட்டாரத்தில் ஒரு குழந்தைகூடப் பட்டினியால் சாகவில்லை என்று உலகத்துக்குப் பெருமையோடு அறிவிக்கிறேன்!"

"எம் பொண்ணு செத்துப்போயிட்டா, சித்தப்பா," என்றான் ரோப்லே.

லீபான் மைக்கைக் கையால் பொத்தினார். அவர் முகம் நிஜமாகவே வாடியது. "எப்ப?" என்றார் தாழ்ந்த குரலில்.

"தந்தி வந்துச்சே, அன்னைக்கிச் சாயங்காலம்."

லீபான் மனதுக்குள் எதையோ சரிபார்த்தார். பிறகு அவன் தோளில் ஆதரவாகக் கைவைத்தார். "அப்ப அது பஞ்சம் அறிவிக்கிறதுக்கு முன்னாடி. இதுல சேராது, தம்பி. நீ கவலைப்படாதே."

பதக்கத்தைச் சட்டையில் குத்தினார். கைதட்டல் எழுந்தது. தட்டியவர்களில் அந்தக் காய்களைத் தின்று பிழைத்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் மனதாரத்தான் தட்டினார்கள். ரோப்லே கூட்டத்தில் எப்லாவைத் தேடினான். அவள் வரவில்லை.

அவள் குடிலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அண்ணன் காஹியே, மிச்சமிருந்த இரண்டு ஒட்டகங்களோடு தெற்கே தண்ணீர் இருக்கும் பக்கம் போக வந்திருந்தான். வளைகம்புகளையும் பாய்களையும் கட்டி ஒட்டகத்தின் மேல் ஏற்றினாள். ரோப்லே சட்டையைக் கழற்றி வேலியின் மேல் போட்டுவிட்டு வந்து, கயிற்றின் மறுமுனையைப் பிடித்தான். அவள் தடுக்கவில்லை. முடிச்சுப் போட்டு முடித்ததும், அவன் பக்கம் திரும்பாமல் ஒட்டகத்தை எழுப்பினாள்.

அவர்கள் புறப்பட்டார்கள். ரோப்லே கொஞ்சம் பின்னால் நடந்தான். வா என்றும் யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. எப்லாவின் வாயிலிருந்து ஒரு வசவாவது வருமென்று வழி நெடுகக் காத்திருந்தான். நீயெல்லாம் ஒரு தகப்பனா என்று கேட்டிருந்தால் போதும். மணலில் உட்கார்ந்து அழுதிருப்பான். அவள் ஒட்டகத்தோடு பேசினாள், அண்ணனோடு பேசினாள், வழியில் எதிர்ப்பட்டவர்களிடம் கிணற்றைப் பற்றி விசாரித்தாள்.

வெயில் தாழ்ந்தபோது ஒரு கருவேல மரத்தடியில் சுமையை இறக்கினார்கள். எப்லா டீ போட்டாள். அண்ணனுக்கு ஒரு குவளையைக் கையில் கொடுத்தாள். பிறகு அண்ணன் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து சற்றுத் தள்ளி, நல்ல பாயாக ஒன்றைத் தட்டி விரித்தாள். வழிப்போக்கர்கள் வந்தால் விரிப்பாளே, அந்தப் பாய். அதன் ஓரத்தில் இன்னொரு குவளையை இரண்டு கையாலும் வைத்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை நீ என்றுதான் அழைத்து வந்திருக்கிறாள். திட்டும்போதும் நீ, கொஞ்சும்போதும் நீ.

"களைச்சு வந்திருப்பீங்க," என்றாள் எப்லா. "உக்காருங்க. எடுத்துக்கங்க."